ஏறும்போது தெரியாத தப்பு

வண்டியை ‘ஆல்டர்’ பண்ணி வேகம் வாங்கியவர்களின் வருத்தம் எங்கே தொடங்குகிறது? குமுளி மலைப்பாதை போட்டுக் காட்டும் கணக்கு

கூடலூரைத் தாண்டினால் லோயர் கேம்ப். அங்கிருந்து குமுளிக்கு ஆறு கிலோமீட்டர் மலைப்பாதை. ஏறுவது பெரிய காரியமில்லை. இன்ஜினில் கொஞ்சம் தெம்பு இருந்தால் எந்த வண்டியும் ஏறிவிடும். இறங்குவதுதான் கணக்கு. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய ஒரு கார் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குமுளிக்கும் லோயர் கேம்ப்புக்கும் உயர வித்தியாசம் தோராயமாக 400 மீட்டர் என்றால், அந்தக் கார் கீழே வந்து சேர்வதற்குள் 58 லட்சம் ஜூலுக்கும் அதிகமான ஆற்றலை எங்கேயாவது கழித்துவிட்டாக வேண்டும். இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கினால், நான்கு இண்டக்‌ஷன் அடுப்புகளை முழுச் சூட்டில் எரியவிட்டதற்குச் சமம். அதே மலைச்சரிவில்தான் பெரியாற்றுத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தில் மின்சாரமாகிறது. தண்ணீரின் இறக்கத்துக்கு டர்பைன் இருக்கிறது. காரின் இறக்கத்துக்கு இருப்பது பிரேக் பேடும் டிஸ்க்கும் டிரம்மும். கியரில் பிடித்து இறக்கத் தெரிந்தவருக்குக் கூடவே இன்ஜினும்.

வண்டியை மாற்றியமைப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏற்றத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை குதிரைத்திறன் கூடியது, நூறைத் தொட எத்தனை விநாடி, சைலன்சர் எப்படி முழங்குகிறது என்றுதான் கேட்கிறோம். இறக்கத்தில் என்ன ஆகும் என்று கேட்பவர் குறைவு. காசைக் கொட்டி ஸ்போர்ட்ஸ் காரையோ, ஸ்போர்ட்ஸ் கார் ஆக்க நினைத்த சாதாரணக் காரையோ மாற்றியவர்கள் பின்னால் படும் வருத்தங்களுக்கு வேர் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. போவதற்குச் செலவழித்தார்கள், நிற்பதற்குச் செலவழிக்கவில்லை. ஒன்றை மாற்றினார்கள், அதோடு சேர்ந்து மாற வேண்டியவற்றை விட்டுவிட்டார்கள். திரும்பி வர வழி வைக்காமல் வெட்டினார்கள். உலகம் முழுக்க உள்ள கார் பிரியர்களுக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் இளைஞர்களுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: இங்கே தப்பைச் சரிபார்க்கும் தேர்வுக்கூடம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது.

ஒன்றைத் தொட்டால் மூன்று அசையும்

கார் என்பது கடையில் வாங்கிய உதிரிகளை நட்டு போட்டு இறுக்கிய மூட்டை அல்ல. எடை, டயர், ஸ்பிரிங், பிரேக், கியர், இன்ஜின், வயரிங் என்று எல்லாமே ஒன்றையொன்று கணக்கில் வைத்து அளவெடுக்கப்பட்டவை. இந்தப் பகுதி இளைஞர்களின் கனவு வண்டிகளில் ஒன்றான மஹிந்திரா தாரை எடுத்துக்கொள்வோம். 2020ல் வந்த தாரின் 18 அங்குல அலாய்க்கு நிறுவனம் கொடுக்கும் டயர் 255/65 அளவு. அதன் மொத்த விட்டம் சுமார் 31 அங்குலம். பார்வைக்குக் கம்பீரம் வேண்டும் என்று 33 அங்குல டயர் மாட்டுகிறார்கள். விட்டம் ஆறு சதவீதம் கூடுகிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு சதவீதம் தனியாக வராது. மீட்டர் சரியாகக் காட்டும் வண்டி என்றால், இனி அது 60 என்று காட்டும்போது உண்மையான வேகம் 64. பிரேக்கை அதே அழுத்தம் அழுத்தினாலும் தரையில் விழும் பிடி ஆறு சதவீதம் குறைகிறது. கியரில் பிடித்து இறக்கும்போது இன்ஜின் தரும் தடையும் அதே அளவு குறைகிறது. டயரும் ரிம்மும் கனமாகிவிட்டதால் சுழலும் எடை கூடி, நிறுத்துவது இன்னும் சிரமமாகிறது. மாற்றியது ஒரு பொருள். இழந்தது மூன்று, நான்கு.

இன்ஜின் பக்கம் போனால் இன்னும் தெளிவான உதாரணம் கிடைக்கும். இந்தியாவில் விற்ற ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ பெட்ரோல் தானியங்கி கியர் வண்டியின் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். அதில் இருந்த ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி தாங்குவதற்கு வடிவமைக்கப்பட்ட அளவும் அதே 250தான். இன்ஜினால் அதற்கு மேல் தர முடியும் என்பது உண்மை. கணினியில் புதிய ‘மேப்’ ஏற்றினால் அது தந்தும்விடும். காலை வைத்ததும் முதுகு இருக்கையில் ஒட்டும். ஆனால் கூடிய ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும், அதைச் சுமக்க ஒப்புக்கொள்ளாத கியர்பெட்டியின் தலையில் இறங்குகிறது. இன்ஜினை நிறுவனம் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது, நாங்கள் அவிழ்த்துவிடுகிறோம் என்பது ரீமேப் கடைகளின் பேச்சு. கட்டிப்போட்டது உண்மைதான். எதற்காகக் கட்டியது என்று கேட்காமல் அவிழ்த்ததுதான் தப்பு. ரீமேப்புக்குக் கொடுத்த பணத்தைவிடக் கிளட்சுக்கும் கியர்பெட்டிக்கும் கொடுக்கும் பணம் பல மடங்கு என்பது பட்டறை வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

காரைத் தாழ்த்துவது இன்னொரு ஆசை. முறையான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் வாங்கக் காசில்லாமல், இருக்கும் ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி எடுப்பவர்கள் உண்டு. வெட்டிய ஸ்பிரிங் கட்டையாகிவிடும். ஷாக் அப்சார்பருக்கு மேலும் கீழும் ஓட இடமிருக்காது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு விலகவும் கூடும். வழவழப்பான பந்தயத் தடத்துக்கு உருவான யோசனை அது. ஊருக்கு ஊர் வேகத்தடை போட்டிருக்கும் கம்பம் சாலையில் அடிவயிறு உரசுவது மட்டுமே அதன் பலன். இதற்கு நேர்மாறாக உயர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி உயர்ந்தால் அதன் பாரமும் உயரே போகும். கொண்டை ஊசி வளைவில் சாயும் அளவு கூடும். உயர்த்தியவரோ தாழ்த்தியவரோ, இருவருமே வளைவில்தான் விலை கொடுக்கிறார்கள்.

வருத்தம் வரும் வரிசை

முதலில் வருவது காசு பற்றிய வருத்தம். போட்ட காசு திரும்பி வராது என்பது இந்தத் துறையின் பழைய பாடம். அலாய், சைலன்சர், ஸ்பீக்கர், ஸ்டிக்கர் என்று போட்ட செலவை விற்கும்போது கூட்டிக் கேட்டால், வாங்க வந்தவர் அதைக் கழித்துப் பேசுவார். அவர் பார்வையில் அது மேம்பாடு அல்ல, சந்தேகம்: இவ்வளவு செய்தவர் வண்டியை எப்படி விரட்டியிருப்பார்? உலகச் சந்தையிலும் இதே கதைதான். டொயோட்டா சுப்ரா, நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்., மஸ்டா ஆர்.எக்ஸ்-7 போன்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஒரு தலைமுறையே பிரித்து மேய்ந்தது. அதனால் கைபடாத வண்டிகள் அரிதாகி, இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைத்தான் தேடுகிறார்கள். நம்மூர் உதாரணம் யமஹா ஆர்.எக்ஸ்.100. 1985லிருந்து 1996 வரை வந்த அந்த வண்டிக்கு அன்று சத்தம் போதவில்லை என்று சைலன்சரை மாற்றினார்கள். கம்பெனி சைலன்சர் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போனது. இன்று அதே வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறவர்கள், அதே சைலன்சருக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள்.

இரண்டாவது, வண்டியோடு வாழ்வது பற்றிய வருத்தம். சைலன்சர் முழக்கம் முதல் வாரம் இனிக்கும். கம்பத்திலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பினால் தலைவலிக்கும். கட்டையான சஸ்பென்ஷன் வண்டியில் அம்மாவையோ கர்ப்பிணி மனைவியையோ ஏற்ற முடியாது. வயரை வெட்டி ஒட்டுப்போட்டுச் சேர்த்த விளக்கும் ஆம்ப்ளிஃபயரும், ஃபியூஸும் ரிலேவும் சரியாக இல்லாவிட்டால், தீக்குச்சியைப் பெட்டியோடு வண்டிக்குள் வைத்தது போலத்தான். மழைக்காலத்தில் எங்கிருந்து கோளாறு வருகிறது என்று எந்த எலக்ட்ரீஷியனாலும் கண்டுபிடிக்க முடியாது. வெட்டியவர் வேறு, தேடுபவர் வேறு. உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால் சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிடும்.

மூன்றாவது வருத்தம் வராமலே போகலாம்; வந்தால் அதோடு முடிந்தது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பரைப் பாருங்கள். வண்டிக்குக் காவல் என்று நினைத்து மாட்டுகிறார்கள். மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காக வடிவமைக்கப்பட்ட முன்பகுதியின் வேலையை அது கெடுக்கிறது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் சென்சார்களின் கணக்கையும் குழப்புகிறது. எதிரே வரும் பாதசாரிக்கும் இருசக்கர வாகனக்காரருக்கும் இடி இரட்டிப்பாகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியதற்குக் காரணம் இதுதான். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்கு இறுக்கமான உறை தைத்துப் போடுவதும் இதே ரகம். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பைக் காசு கொடுத்தே அணைத்துவைக்கிறோம்.

“என் வண்டி, என் காசு”

இங்கே முதல் ஆட்சேபம் எழும். வண்டி என்னுடையது, காசு என்னுடையது, விழுந்தால் நான்தானே விழுகிறேன் என்று கேட்கலாம். தனித் தோப்புக்குள் ஓட்டுகிறவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. குமுளிச் சாலை தனித் தோப்பு அல்ல. விடியற்காலையில் கூடலூர், கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக இடுக்கிப் பக்கம் ஏறுகின்றன. மாலையில் அதே ஜீப்புகள் களைத்த உடம்புகளோடு இறங்குகின்றன. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் சேர்ந்துகொண்டால் சாலை தாங்காமல், கூட்ட நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏறவும் குமுளி வழியாக இறங்கவும் ஒருவழியாக்குகிறார்கள். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தேனி மாவட்டப் பக்தர்களின் வண்டி இந்த இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த வண்டி மாற்றியமைக்கப்பட்டது என்று இங்கே சொல்லவில்லை. ஒழுங்கான வண்டிக்கும் இரக்கம் காட்டாத சாலையில், ஒழுங்கைக் குலைத்த வண்டியோடு இறங்குவது ஓட்டுகிறவரின் சொந்த விஷயமாக இருக்க முடியாது என்பதுதான் செய்தி. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை விளக்கை மாட்டியவருக்குப் பாதை நன்றாகத் தெரியலாம். எதிரே வரும் ஜீப் ஓட்டுநருக்கு அந்த இரண்டு விநாடி எதுவுமே தெரியாது.

ஜீப்பையே எடுத்துக்கொண்டு இரண்டாவது ஆட்சேபத்தைச் சொல்வார்கள். மாற்றாமல் எந்த ஜீப் மலையில் பிழைத்தது? தோட்டத்து மண் பாதைக்கு ஏற்றபடி பட்டை ஸ்பிரிங்கைப் பலப்படுத்துவதும் டயரை மாற்றுவதும் பட்டறைக்காரரின் அறிவு இல்லையா? அறிவுதான், மறுப்பதற்கில்லை. பள்ளத்தாக்கின் பட்டறைகளில் இருக்கும் கைவேலை, புத்தகத்தில் படித்து வருவதல்ல. ஆனால் தேவைக்காகச் செய்யும் மாற்றத்துக்கும் தோற்றத்துக்காகச் செய்யும் மாற்றத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. தேவைக்காகச் செய்பவர் சுமை எவ்வளவு, பாதை எப்படி, எங்கே நிற்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறார். தோற்றத்துக்காகச் செய்பவர் பார்ப்பவர் கண்ணிலிருந்து தொடங்குகிறார். தேவை என்ற பெயரிலேயே எல்லை மீறுவதும் நடக்கிறது: கூடுதல் பெஞ்ச் போட்டு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றினால், அது பட்டறையின் அறிவு அல்ல, கணக்குப் பார்க்காத பேராசை. அந்தச் சுமைக்கு அந்த பிரேக் போதாது என்று சொல்லத் தெரிந்தவரும் அதே பட்டறைக்காரர்தான். அவர் சொல்வதைக் கேட்டால் போதும்.

கோவை காட்டிய வழி

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. பந்தயக் கார்கள் எல்லாமே மாற்றியமைத்தவைதானே? இந்திய மோட்டார் பந்தயத்துக்குத் தமிழ்நாடு தாய்வீடு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் அம்பாசடரும் ஃபியட்டும் உருமாறி ஓடின. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. கோவையில் எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரையே உருவாக்கினார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இந்த மரபில் வந்தவர்களைப் பார்த்துத்தானே ஊர் இளைஞனுக்கு ஆசை பிறக்கிறது?

அந்த மரபே இந்தக் கட்டுரையின் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. கரிவரதன் மாருதி காரில் ஒரு பாகத்தை மாற்றி ஓட்டச் சொல்லவில்லை. இன்ஜினை மட்டும் எடுத்து, அதைச் சுற்றி ஒரு புதிய வண்டியைக் கட்டினார். பந்தயக் காரில் இன்ஜின் பலம் கூடினால் பிரேக்கும் டயரும் கூடவே மாறும். உருண்டால் தாங்க இரும்புக் கூடு இருக்கும். ஓட்டுபவர் தலைக்கவசமும் தீத்தடுப்பு உடையும் அணிந்திருப்பார். எதிர்த்திசையில் லாரி வராது. அப்படியும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் வண்டியை ஆய்வாளர்கள் குனிந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். இவ்வளவையும் கழித்துவிட்டு, சைலன்சரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் அது பந்தய மரபு ஆகாது.

சாலைக்காருக்கும் கோவையிலிருந்தே ஒரு நல்ல உதாரணம் உண்டு. முன்னாள் பந்தய வீரர் ஜே. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸோடு சேர்ந்து 2018ல் டியாகோ, டிகோர் கார்களின் வேக வடிவங்களை ‘ஜே.டி.பி.’ என்ற பெயரில் கொண்டுவந்தது. 85 குதிரைத்திறன் அளவில் இருந்த சாதுவான காருக்கு 114 கொடுத்தார்கள். வெறும் இன்ஜினோடு நிறுத்தவில்லை. கியர் விகிதத்தை மாற்றினார்கள், சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள், டயரை அகலப்படுத்தினார்கள், எல்லாவற்றையும் சோதித்து அரசு அனுமதி பெற்று உத்தரவாதத்தோடு விற்றார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒரு எண்: காரைத் தாழ்த்தியது வெறும் நான்கு மில்லிமீட்டர். சாலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் அவ்வளவுதான் தாழ்த்தினார்கள். சந்தையில் அந்தக் கார் நெடுநாள் நிற்கவில்லை, 2020லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. சிறிய வேகக் காருக்கு நம் நாட்டில் ஆள் குறைவு. ஆனால் முறை சரியான முறை. கலிபோர்னியாவின் ‘சிங்கர்’ நிறுவனம் பழைய போர்ஷே 911 கார்களை மாற்றி அசலைவிடப் பல மடங்கு விலைக்குக் கொடுப்பதும் இதே முறையில்தான்: கடைசி நட்டு வரை பிரித்து, முழு வண்டியையும் புதிதாகக் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். மாற்றியமைப்பதே தப்பு என்பதல்ல வாதம். பாதி மாற்றம்தான் தப்பு.

சட்டம் எங்கே நிற்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதை எவ்வளவு கறாராகப் படிக்க வேண்டும் என்ற வழக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றம் போனது. விதிகளில் தடை சொல்லாத மாற்றத்தைச் செய்யலாம் என்ற தாராளமான பார்வையை ஏற்காமல், தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறான மாற்றம் கூடாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சொல்கிறது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனிக்க வேண்டும்: டயர், பம்பர், சைலன்சர் என்று எண்ணினால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012லேயே தடுத்தது. கேரள மோட்டார் வாகனத் துறை இதில் தமிழ்நாட்டைவிடக் கண்டிப்பு என்பது எல்லைப்புற ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். கூடலூரில் கண்டுகொள்ளாமல் விட்டது குமுளியில் சிக்கிக்கொள்ளும்.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழுகிறது. இன்ஷூரன்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட வண்டிக்குப் போட்ட ஒப்பந்தம். வண்டியை மாற்றிவிட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் இருந்தால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து பார்க்கும் வண்டியும் பாலிசியில் இருக்கும் வண்டியும் ஒன்றாக இருக்காது. சொந்த வண்டிச் சேதத்துக்கான தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

சட்டம் மொட்டையாக இருக்கிறது என்ற புகாரில் உண்மை இருக்கிறது. நல்ல பிரேக் பொருத்தியவரையும் ஸ்பிரிங்கை வெட்டியவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. ஜெர்மனியில் மாற்றிய பாகத்தைத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பிடம் காட்டி, சான்று பெற்று, வண்டி ஆவணத்திலேயே பதிந்துகொள்ள வழி இருக்கிறது. ஜப்பானிலும் கட்டமைப்பு மாற்றத்தைப் பரிசோதனைக்குப் பின் பதிவு செய்யலாம். நம்மிடமும் இந்த வாசல் முழுக்க அடைபட்டதல்ல. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் திருத்தவும், முன் அனுமதியோடு அதே வகை இன்ஜினை மாற்றவும், அங்கீகரித்த எரிவாயுச் சாதனம் பொருத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. சென்னை ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென்றே அரசு மையம் இயங்குகிறது. டயர், பிரேக், விளக்கு ஆகிய மூன்றுக்காவது அங்கீகரித்த பாகங்களின் பட்டியலை வெளியிட்டு, உத்தமபாளையம் போன்ற பகுதி அலுவலகத்திலேயே பரிசோதித்து ஆர்.சி.யில் ஏற்றிக் கொடுத்தால், ஒளிந்து செய்யும் வேலை வெளிச்சத்துக்கு வரும். பட்டறைக்காரருக்கும் முறையான பிழைப்பு கிடைக்கும். ஆனால் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்பது இயற்பியலில் ஓட்டை இருக்கிறது என்று ஆகாது. நாளைக்கே எல்லா மாற்றத்துக்கும் அனுமதி கிடைத்தாலும், 33 அங்குல டயர் பிரேக்கின் பிடியில் ஆறு சதவீதத்தை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும்.

ஆசை அடங்காதவர்களுக்கு

கைவைத்தே தீருவேன் என்பவருக்கு, பட்டவர்களின் வருத்தத்திலிருந்து ஒரு வரிசை சொல்லலாம். முதல் செலவு நல்ல டயருக்கு, நிறுவனம் குறித்த அளவிலேயே. வேகமெடுப்பது, திரும்புவது, நிற்பது மூன்றும் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பரில்தான் நடக்கின்றன. அடுத்து பிரேக்: தரமான பேடு, காலம் தவறாமல் மாற்றும் பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்து ஆவிக்குமிழ் விடும். அப்போது பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. சமவெளியில் வருடக்கணக்காகத் தெரியாத இந்தக் கோளாறு, குமுளி இறக்கத்தில் இரைச்சல் பாலம் வளைவுக்குள் தெரிந்துவிடும். மூன்றாவது, ஓட்டுநர். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம்; நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர், அந்த இருபது லிட்டர் கொதிநீரின் சூட்டை முழுக்க பேடுகளின் தலையில் ஏற்றுகிறார். பந்தயத் தடத்தில் பயிற்சி ஓட்டத்துக்குச் செலவழிக்கும் பணம், எந்த ரீமேப்பும் தராத வேகத்தைத் தரும். இந்த மூன்றும் முடிந்த பிறகும் காசும் ஆசையும் மிச்சமிருந்தால் இன்ஜின் பக்கம் திரும்பலாம்.

இன்னும் இரண்டு பாடங்கள். கழற்றிய கம்பெனி பாகத்தைத் துடைத்து, துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். திரும்பிப் போக வழியுள்ள மாற்றம் தப்பானாலும் ஒரு நாள் வேலையோடு சரியாகிவிடும். வெட்டியது, பற்றவைத்தது, துளை போட்டது திரும்பாது. அடுத்தது, மாற்றுவதற்கு முன்னால் அந்த வண்டியை அப்படியே ஒரு வருடம் ஓட்டுங்கள். அதன் குறை எது, நம் குறை எது என்று பிரித்துப் பார்க்க அவ்வளவு காலம் வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய படிப்பு தேவையில்லை; பொறுமை மட்டும் போதும்.

நம் ஊரில் வண்டிக்கு எஃப்.சி. பார்க்கும் அரசு அதிகாரியின் பதவிப் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். தேனியில் கேட்டாலும் உத்தமபாளையத்தில் கேட்டாலும் மக்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இன்ஜின், டயர், விளக்கு, ஆர்.சி. என்று எல்லாவற்றையும் பார்க்கிற அவருக்கு அவர்கள் வைத்த பெயர், ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’.